தில்லி சங்கர் பொம்மை அருங்காட்சியகம்: நவராத்திரி விடுமுறையில் குழந்தைகளோடு போக ஓர் இடம்

நவராத்திரி விடுமுறையில் சிறு பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று கேட்கும் தில்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம், பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில் நேரு இல்லக் கட்டடத்தில் உள்ள சங்கர் பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகம். வீடு வீடாகக் கொலு பார்த்துச் சுண்டல் வாங்கி வளரும் குழந்தைக்கு, பொம்மையைக் கை வைக்காமல் பார்ப்பதும் அதன் கதையைக் கேட்பதும் புதிதல்ல. அந்தப் பழக்கம் இங்கே பெரிதும் கைகொடுக்கிறது.

கார்ட்டூனிஸ்ட் சங்கர் பிள்ளைக்கு, அவர் நடத்திவந்த குழந்தைகள் போட்டியில் பரிசாக வழங்கும்படி ஹங்கேரித் தூதர் ஒரு பொம்மையைக் கொடுத்தார். அதன் அழகில் மயங்கியவர், பிறகு சென்ற நாடுகளிலெல்லாம் பொம்மைகளைச் சேர்க்கத் தொடங்கினார். அவ்வாறு வளர்ந்த தொகுப்பை 1965-இல் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இன்று ஏறத்தாழ 85 நாடுகளைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்ட பொம்மைகள் 160-க்கும் அதிகமான கண்ணாடிப் பேழைகளில் உள்ளன.

இந்த எண்ணிக்கைதான் பெற்றோருக்குச் சிக்கல். எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று புறப்பட்டால், ஐரோப்பாவைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். கூடத்தின் ஒரு பாதி ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கும், மறு பாதி ஆசியா, ஆப்பிரிக்கா, இந்தியா ஆகியவற்றுக்கும் உரியது. முதல் பாதியில் ஸ்பெயினின் ஃபிளமென்கோ நடனப் பெண்கள் போன்ற ஒன்றிரண்டை மட்டும் காட்டிவிட்டு, நேரே ஆசியாவுக்குப் போய்விடுவது நல்லது. பண்டிகைப் பொம்மைகளின் சுவை அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஏழு வயது மகள் அதிக நேரம் நின்றது ஜப்பானியப் பொம்மைகளின் முன்தான். மார்ச் 3 அன்று பெண் குழந்தைகளுக்காகக் கொண்டாடப்படும் திருவிழாவில், ஜப்பானிய வீடுகளில் சிவப்புத் துணி விரித்த படிகளின் உச்சியில் பேரரசரையும் பேரரசியையும் அமர்த்தி, கீழ்ப்படிகளில் பணிப்பெண்களையும் இசைக்கலைஞர்களையும் அமைச்சர்களையும் வைப்பார்கள் என்று சொன்னதுமே, “நம்ம கொலுதானே இது, எத்தனை படி?” என்று கேட்டாள். அவர்களுடைய பெரிய கொலுவில் ஏழு படி உண்டு. விழா முடிந்தபின் பொம்மைகளை எடுத்துவைக்கத் தாமதித்தால் அந்த வீட்டுப் பெண்ணின் திருமணமும் தள்ளிப்போகும் என்றொரு நம்பிக்கையும் அங்கே உண்டு என்றேன். உடன் வந்திருந்த என் மாமியாருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. “அதனாலதாம்மா நாமளும் விஜயதசமி ராத்திரியே ஒரு பொம்மையையாவது படுக்க வெச்சிடறோம்” என்று பேத்தியிடம் உறுதியாகச் சொன்னார். இரண்டுக்கும் தொடர்பு உண்டோ இல்லையோ, நான் மறுக்கவில்லை.

நான்கு வயது மகனுக்கு சாமுராய் வீரர்களும் இலங்கையின் கண்டிப் பெரஹராவும் போதுமானவையாக இருந்தன. யானைகளோடு செல்லும் அந்த ஊர்வலத்தை அவன் சாமி புறப்பாடு என்றே எடுத்துக்கொண்டான். அது தவறும் அல்ல. புத்தரின் புனிதப் பல் பேழையை யானை சுமந்து செல்லும் அவ்விழாவில் விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினித் தெய்வம் ஆகியோரின் கோயில் ஊர்வலங்களும் சேர்கின்றன. அந்தப் பத்தினி நம் கண்ணகியே என்பதைப் பெரியவர்கள் அங்கேயே நின்று ஒரு கதையாகச் சொல்லலாம்.

தொகுப்பில் மூன்றில் ஒரு பங்கு இந்தியப் பொம்மைகள். ஏறத்தாழ 150 வகை உடையலங்காரப் பொம்மைகள் அருங்காட்சியகத்தின் சொந்தப் பட்டறையிலேயே கையால் செய்யப்பட்டவை. முக அமைப்பு, உடை, நகை ஆகியவற்றை அந்தந்தப் பகுதிக்கேற்ப ஆராய்ந்து செய்யும் இப்பொம்மைகளை வெளிநாடுகளுக்குக் கொடுத்து, அங்கிருந்து பொம்மைகளைப் பெறும் வழக்கமும் இருந்துவந்துள்ளது. வெறும் களிமண் பொம்மையும் மரப்பாச்சியும் பார்த்த கண்களுக்கு, துணியில் விழும் கொசுவத்தின் நேர்த்தி தனியாகத் தெரிகிறது. 1980-இல் போலந்தின் கிராக்கோவ் நகரப் பொம்மை விழாவில் இந்த அருங்காட்சியகத்துக்கு முதல் பரிசு கிடைத்ததில் வியப்பில்லை.

தொட்டு விளையாட இங்கே ஒன்றும் இல்லை. எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால்தான். ஓடியாட இடம் தேடுவோர் இதைத் தவிர்க்கலாம். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு இது பெற்றோரின் தோளிலிருந்து பார்க்கும் காட்சி மட்டுமே. ஐந்து முதல் பத்து வயது வரையுள்ளவர்களுக்கே முழுப் பயன் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

மெட்ரோவில் ஊதா வழித்தடத்தின் ஐடிஓ நிலையத்தில் இறங்கி நடந்து செல்லலாம். சாலையில் வாகன நெரிசல் அதிகம் என்பதால் பிள்ளைகளின் கையை விடக் கூடாது. திங்கட்கிழமை விடுமுறை. சங்கர் பிள்ளையே 1957-இல் தொடங்கிய குழந்தைகள் புத்தக அறக்கட்டளையும் இதே கட்டடத்தில்தான் இயங்குகிறது. அதன் புத்தகங்களைப் பார்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. படிக்கும் பிள்ளைகள் முதலில் அங்கே நுழைந்துவிட்டால், பொம்மைகள் பக்கம் திருப்புவது எளிதல்ல.