தாய் குவுன்: பழைய நீதிமன்றமும் படிக்காத நீதிபதிகளும்

ஹாங்காங்கின் நடுப்பகுதியில் பழைய காவல் நிலையம், மாஜிஸ்திரேட் நீதிமன்றம், விக்டோரியா சிறை ஆகிய மூன்றும் அடுத்தடுத்து அமைந்த வளாகம், புதுப்பிக்கப்பட்டு 2018 முதல் தாய் குவுன் என்ற பெயரில் மக்களுக்குத் திறந்திருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. மலைச்சரிவில் ஏறும் நகரும் படிக்கட்டுகளிலிருந்தே நடைபாலம் வழியாக உள்ளே வந்துவிடலாம். பெரும்பாலோர் கலைக்கூடத்துக்காகவும் உணவகங்களுக்காகவும் வருகிறார்கள். ஆனால் பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது நிர்வாகம் யார் கையில் இருந்தது என்று அறிய விரும்புவோருக்கு, இந்நகரில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

1841இல் இங்கே முதல் தலைமை மாஜிஸ்திரேட்டாக அமர்த்தப்பட்ட வில்லியம் கெய்ன் ஒரு படைத்தலைவர். சட்டம் பயின்றவர் அல்லர். சிறையும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. 1847இல் அப்பதவிக்கு வந்த சார்லஸ் ஹில்லியரும் வணிகக் கப்பலில் வேலை பார்த்து ஹாங்காங் வந்தவரே அன்றி, சட்டம் படித்தவர் அல்லர். 1856இல்தான் ஹென்றி டியூடர் டேவிஸ் என்ற பாரிஸ்டர் அந்த நாற்காலிக்கு வந்தார். தகுதி போதாது என்பதற்காக முன்னவர்கள் நீக்கப்படவில்லை என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது: கெய்ன் காலனிச் செயலராகவும் பின்னர் துணை ஆளுநராகவும் உயர்ந்தார்; ஹில்லியர் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) பிரிட்டிஷ் கான்சலாக (துணைத்தூதராக) அனுப்பப்பட்டு, அதே ஆண்டு பாங்காக்கில் இறந்தார். மொழியும் புரியாமல், வாதாட ஆளும் இல்லாமல் அவர்கள் முன் நின்ற ஏழைச் சீனர்களுக்கு இந்தப் பதவி உயர்வுகளால் என்ன பயன்? தேர்வு வைத்து ஆளெடுத்து, சீன மொழி கற்பித்து அரசுப் பணியில் அமர்த்தும் முறை 1860களின் தொடக்கத்தில் ஆளுநர் ஹெர்குலிஸ் ராபின்சன் காலத்தில்தான் வந்தது. அவ்வாறு முதலில் வந்தவர்களுள் ஒருவரான செசில் கிளெமென்டி ஸ்மித், பின்னாளில் சிங்கப்பூரும் பினாங்கும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநரானார்.

இன்று நிற்கும் நீதிமன்றக் கட்டடம் 1914இல் முடிந்தது. ஆகவே மேற்சொன்ன மூன்று மாஜிஸ்திரேட்டுகளும் அமர்ந்த கூடம் இது அன்று. இந்த வரலாற்றைச் சிறிது படித்துவிட்டுச் செல்வது நல்லது. அறிவிப்புகள் சீனத்திலும் ஆங்கிலத்திலும் உள்ளன. காவல் நிலைய முற்றத்தில் தொடங்கி, நீதிமன்றம், சிறை அறைகள் என்ற வரிசையில் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் கடந்த வழியும் அதுவே. உணவகங்களில் விலை கூடுதல்; சாப்பிட்டுவிட்டு வருவதே சிக்கனம்.