பழைய எம்ஜிபி கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று இதைப் படியுங்கள்

நேற்று இரவு அந்தச் செங்கல் சுவரை மறுபடியும் ஒரு விற்பனை விளம்பரத்தில் பார்த்தேன். அதே சுவர், அதே பச்சைக் கதவு, தரையில் அதே எண்ணெய்க் கறை. முன்னால் நிற்கும் கார் மட்டும் வேறு: நீல நிற எம்ஜிபி ஜிடி, அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கூரை வைத்த வகை. "பாடி முழுவதும் புதுப்பிக்கப்பட்டது, இருபுறமும் புதிய சில்கள்" என்று என்னை நம்பவைத்த அதே வரி அதன் கீழே இருந்தது. சில் என்பது கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பகுதி. இந்த வாரக் கடைசியில் யாரோ ஒருவர் சேமிப்பை எடுத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்கப் போகிறார் என்று நினைத்தபோது தூக்கம் போய்விட்டது.

நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறேன். சென்ற மார்ச் மாதம் அந்த வாசலில் ஒரு சிவப்பு எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரையில்லாத வகை, வாங்கினேன். 1972ஆம் ஆண்டு வண்டி, விலை 9,500 பவுண்டு. பல வருடங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்.

ஏன் எம்ஜிபி என்றால், அப்பா. மதுரையில் அவர் வாடகைக்கு ஓட்டியது அம்பாசடர். அதில் இருந்த 1489 சிசி என்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி என்ஜினும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் உருவாக்கிய பி சீரிஸ் வகை. டேப்பெட் இடைவெளி பார்க்கவும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யவும் பத்து வயதிலேயே அப்பாவின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். ஆகவே பானட்டைத் திறந்ததும் சொந்த வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. ஆயில் பிரஷர் முள் நல்ல இடத்தில் நின்றது. புகை இல்லை. மதுரைக்கு வீடியோ அழைப்பில் சத்தத்தைக் கேட்கவைத்தேன். "என்ஜின் நன்றாக இருக்கிறதப்பா" என்றார். அது உண்மைதான். இன்றும் அந்த என்ஜினில் ஒரு குறையும் இல்லை.

முக்கால் மணி நேரம் என்ஜினைப் பார்த்தேன். காரின் அடிப்பகுதியைப் பார்த்தது இரண்டு நிமிடம். மதுரை வெயிலில் வளர்ந்த கண்ணுக்கு இங்கிலாந்தின் துருவைப் பற்றித் தெரியவில்லை. இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். ஐம்பது குளிர்காலத்து உப்பும் ஈரமும் தகட்டுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். என்ஜினைப் பிரித்துச் சேர்க்க இன்றும் எல்லா உதிரிபாகமும் கிடைக்கும், செலவும் ஓர் அளவுக்குள் அடங்கும். தகடு போனால் கார் போனது.

அதற்குக் காரணம் அந்தக் கார் கட்டப்பட்ட விதம். முந்தைய எம்ஜிஏ காருக்குத் தனி சேசிஸ் இருந்தது. 1962இல் வந்த எம்ஜிபிக்கு அது கிடையாது, பாடியே சேசிஸ். ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லாததால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்துவைத்திருப்பது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதிதான். விளம்பரம் சொன்ன சில் அதுதான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் ஒரு தாங்கு சட்டம் என்று பல துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளித்தகட்டில் ஓட்டை தெரிகிறது என்றால் உள்ளே எல்லாம் எப்போதோ முடிந்திருக்கும்.

இதை ஒழுங்காக மாற்ற முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்ட வேண்டும், வேலை நடக்கும்போது பாடி வளைந்துவிடாமல் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி கட்ட வேண்டும். பல நாள் வேலை. என்னிடம் விற்றவர் செய்தது வேறு. செல்லரித்த பழைய சில்லின் மேலேயே புதுத் தகடு ஒன்றைப் போர்த்தி, ஓரங்களை வெல்டிங் வைத்து, பட்டி தடவித் தேய்த்து, பெயின்ட் அடித்திருந்தார். கவரிங் நகையைத் தங்கம் என்று விற்பது போல. "புதிய சில்கள்" என்ற வார்த்தைக்கு அவரிடம் அதுதான் பொருள்.

மே மாதம் சக்கரம் கழற்ற ஜாக்கி வைத்துத் தூக்கினேன். ஏதோ எடுக்க ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கப் போனால் திறக்கவில்லை. கீழே இறக்கியதும் திறந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி இறுகியது. கார் நடுவில் மடிந்துகொண்டிருந்தது. அந்தக் காரில்தான் என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து மோட்டார்வேயில் போயிருந்தேன். அதை நினைக்கும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

பழைய கார்களையே பழுதுபார்க்கும் ஒருவர் வெளித்தகட்டை வெட்டிக் காட்டினார். உள்ளே கசக்கித் திணித்த செய்தித்தாள், அதன் மேல் பட்டி. அடியில் இருந்த தாங்கு சட்டத்தை விரலால் அழுத்தினால் நனைந்த பிஸ்கட் போல உதிர்ந்தது. இரண்டு பக்கமும் சரிசெய்து பெயின்ட் அடிக்க 6,800 பவுண்டு என்றார்.

அடையாளங்கள் வாங்கிய அன்றே என் கண் முன் இருந்தன. கதவைச் சற்றுத் தூக்கி மூட வேண்டியிருந்தது. ரப்பர் புதிது, போகப்போகப் படிந்துவிடும் என்றார் விற்றவர். கதவின் பின் ஓரத்து இடைவெளி கீழே அகலமாகவும் மேலே குறுகியும் இருந்தது. மட்கார்டின் அடிப்பகுதி சில்லோடு சேரும் இடத்தில் ஓர் இணைப்புக் கோடு தெரிய வேண்டும். பட்டிக்குள் அது மறைந்திருந்தது. அடியில் கன்னங்கரேல் என்று புதுத் தார்ப்பூச்சு. புதுப்பித்த வேலைக்குப் படம் கேட்டேன், வேலை முடிந்த பிறகு எடுத்தவற்றை மட்டுமே காட்டினார். வெட்டிய தகட்டின் படம் ஒன்றுகூட இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை வதைப்பது எம்ஓடி சோதனை விவரம். கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று இங்கே ஆண்டுதோறும் பார்க்கும் சோதனை அது. நாற்பது வருடத்தைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி கட்டாயமில்லை. "இதற்கு எம்ஓடியே தேவையில்லை" என்று அவர் அதையே சிறப்பாகச் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஆனால் பழைய சோதனை முடிவுகள் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, வண்டி எண் இருந்தால் போதும். கதவு இறுகிய அன்று இரவுதான் பார்த்தேன். 2017இல் தோல்வி, காரணம், இருபுறச் சில்களிலும் துரு. அதன் பிறகு எந்தச் சோதனையும் இல்லை. சட்டம் விலக்குத் தரும்வரை காரை நிறுத்திவைத்துப் பிறகு போர்த்தி விற்றிருக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் எனக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே அந்த நீலக் காரையோ வேறு எந்த எம்ஜிபியையோ பார்க்கப் போகிறவர் முதலில் வண்டி எண்ணை வாங்கிப் பழைய எம்ஓடி முடிவுகளைப் பாருங்கள். விலக்கு இருந்தாலும் பணம் கொடுத்து எம்ஓடி சோதனை செய்யலாம்; விற்பவரைச் செய்யச் சொல்லுங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைச் சில்லின் கீழ் ஓரத்தில் வைத்துப் பாருங்கள், பட்டியில் ஒட்டாது. ஆனால் போர்த்திய தகட்டில் காந்தம் நன்றாகவே ஒட்டும், அதனால் அதை மட்டும் நம்பக் கூடாது. சில்லின் நடுவில் கார் உற்பத்தியாளர் வைத்த ஜாக்கி முனை இருக்கிறது. அதில் தூக்கச் சொல்லிக் கதவைத் திறந்து மூடுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஜிடிக்குக் கூரை இருப்பதால் கதவு அவ்வளவு எளிதில் காட்டிக்கொடுக்காது, இன்னும் கவனம் தேவை. முன்சக்கரம் திரும்ப உதவும் கிங்பின்னின் தேய்மானம், கம்பிச் சக்கரத்தின் பல் தேய்மானம் எல்லாம் விலை பேச உதவும் சின்ன விஷயங்கள்.

என் காரின் வி5சி பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயரும் விற்றவருடையதல்ல. அக்காவின் கார் என்றார். வியாபாரியாக இருந்துகொண்டு தனிநபர் போல விற்பது இங்கே குற்றம். வியாபாரி என்று தெரிந்து வாங்கியிருந்தால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் 30 நாளுக்குள் குறையுள்ள காரைத் திருப்பிக் கொடுக்கலாம். தனிநபர் விற்பனையில் விளம்பரத்தில் சொன்னபடி கார் இருக்கிறதா என்பதுதான் பெரும்பாலும் கேள்வி, அந்த விளம்பரத்தை நான் சேமித்துவைக்கவில்லை. அவர் நீக்கிவிட்டார். நேற்றைய நீலக் கார் விளம்பரத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறேன், வர்த்தகத் தர அதிகாரிகளுக்குப் புகாரோடு அனுப்பியும்விட்டேன்.

சிவப்புக் கார் இப்போது பட்டறையில், இரண்டு கதவும் கழற்றப்பட்டு, குறுக்குக் கம்பிகளோடு நிற்கிறது. வெட்டியெடுத்த துண்டுகளை எறிய வேண்டாம் என்று சொல்லி ஓர் அட்டைப்பெட்டியில் வாங்கி வைத்திருக்கிறேன். லெஸ்டர் பக்கத்தில் யாராவது எம்ஜிபி வாங்குவதாக இருந்தால் சொல்லுங்கள், பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். கார் பார்க்கவும் கூட வருகிறேன்.