ஆயிரம் துண்டுகளில் ஒரு சிவப்புக் குதிரை

முப்பத்தொரு ஆண்டுகள் கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவனுக்கு மகள் தந்த பரிசு, ஆயிரம் அட்டைத் துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் ஜிக்சா. படம், இத்தாலிய ஓவியர் உம்பர்த்தோ போச்சியோனி 1910-11இல் வரைந்த 'எழும் நகரம்'. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பத்தொன்பது நாள் ஆனது. சாப்பாட்டு மேசை பறிபோனதில் மனைவிக்கு இன்னும் கோபம்.

குற்றம் படத்தினுடையது. போச்சியோனி வண்ணங்களைக் குழைத்துப் பூசாமல் நூல் நூலாக இழுத்திருக்கிறார். எந்தத் துண்டை எடுத்தாலும் அதில் சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் இருக்கின்றன. குதிரையின் தொடை என்று இரண்டு நாள் வைத்திருந்தது கடைசியில் ஒரு கூலியாளின் தோளாக முடிந்தது. நடுவிலுள்ள குதிரையின் நீலக் கழுத்துப்பட்டை மட்டும் தனித்துத் தெரியும், அங்கிருந்து தொடங்குங்கள்.

பெயர்தான் எழும் நகரம். கட்டடமும் சாரமும் புகைபோக்கிகளும் மேலே ஒரு பட்டையளவுக்குத்தான் வருகின்றன. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தேன்: அஸ்திவாரம் முடியும்வரை எந்த சைட்டில் கட்டடம் கண்ணில் பட்டிருக்கிறது? வண்டியும் ஆளும் புழுதியும்தானே. மிலானின் விளிம்பில் குடியிருந்து, எதிரே எழுந்த கட்டடங்களைப் பார்த்தே வரைந்தவர் அவர். இழுக்கும் ஆட்களின் சாய்வைப் பாருங்கள். கையால் மட்டும் இழுப்பவன் புதியவன். உடம்பையே சாய்த்து இழுப்பவன்தான் பழகியவன். 1911இல் மிலானில் காட்சிக்கு வைத்தபோது இதன் பெயர் 'உழைப்பு'. எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

பெட்டியிலுள்ள காகிதத்தில் இதெல்லாம் இல்லை. பெயரும் ஆண்டும் மட்டும். இந்தக் குதிரையை வரைந்தவர் 1916இல், ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து 33 வயதில் இறந்தார் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

இனி தயாரிப்பாளருக்கு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள மூல ஓவியம் 199.3 செ.மீ. உயரம், 301 செ.மீ. அகலம். உங்கள் ஜிக்சா 48க்கு 68. உயரம் முழுதாக வந்திருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் மூலத்தின் அகலத்தில் ஏறக்குறைய 19 செ.மீ. வெட்டுப்பட்டிருக்கிறது. வரைபடத்தில் இவ்வளவு விட்டிருந்தால் என் பொறியாளர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அட்டை நல்ல கனம், அச்சும் தெளிவு. ஆனால் துண்டுகள் தளர்வாகப் பொருந்துகின்றன, மேசையைத் தட்டினால் குதிரை கலைகிறது.

போதாததற்கு ஒரு துண்டு இல்லை. பெட்டியின் படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன், மூன்று வாரமாகப் பதில் இல்லை. காலண்டர் அட்டையை வெட்டி, பேத்தியின் கிரையானால் செம்மண் நிறம் பூசிச் செருகியிருக்கிறேன். கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது.

ஐந்துக்கு மூன்று. வாங்குகிறவர்கள் முதல் நாளே துண்டுகளை எண்ணிவிடுங்கள்.