பெரிய மரக்கடைசல் லேத்துக்கு மாறப் போகிறவர்கள், கோவைப் பக்கம் பழைய எந்திரம் பார்க்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன ஆவணியில் கோவையில் ஒரு பழைய எந்திர வியாபாரியிடம் 85,000 ரூபாய் கொடுத்து மரக்கடைசல் லேத் ஒன்று வாங்கினேன். நாலு மாதம் அலைந்து, நோட்டீஸ் விட்டு, கடைசியில் 50,000 திரும்ப வந்தது. கொண்டுவர ஒரு வண்டி, திரும்ப அனுப்ப ஒரு வண்டி என்று 8,000 தனி. ஆக 43,000 போயிற்று. பணத்தை விட எனக்கு உறுத்தலாக இருப்பது, அந்த எந்திரம் மறுபடி அவர் கொட்டகைக்கே போய்விட்டது என்பதுதான். இன்னொரு கோட் பெயின்ட் அடித்து அடுத்தவர் தலையில் கட்டுவார். அது உங்களில் ஒருவராக இருக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் உடுமலைக்காரன், பள்ளி ஆசிரியர். ஐந்து வருடமாகப் பொழுதுபோக்காகக் கடைகிறேன். என்னிடம் இருப்பது 10 இன்ச் ஸ்விங் உள்ள சின்ன லேத், அதாவது பெட் என்கிற நீளமான அடிச்சட்டத்துக்கு மேல் அதிகபட்சம் 10 இன்ச் விட்டமுள்ள கட்டைதான் சுற்றும். அரை ஹெச்பி மோட்டார், படிப்படியான புல்லியில் பெல்ட்டை மாற்றித்தான் வேகம் மாற்ற வேண்டும், ஆகக் குறைந்த வேகமே 700 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 700 சுற்று. மத்து, சப்பாத்திக் கட்டை, பம்பரம், தங்கை பிள்ளைக்குச் செப்பு சாமான் எல்லாம் இதில்தான். எந்தக் குறையும் தெரியவில்லை. அப்புறம் எங்கள் தெரு முனையில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தைச் சாய்த்தார்கள். நடுவில் காப்பித்தூள் நிறம், ஓரத்தில் வெண்ணெய் நிறம், அவ்வளவு அழகான கட்டை. பெரிய பெரிய கிண்ணமாகக் கடையலாம் என்று நாலு துண்டு வாங்கிப் போட்டேன்.

அங்கே ஆரம்பித்தது. 9 இன்ச் ஈரக்கட்டையை மாட்டிச் சுற்றவிட்டால் ஸ்டாண்டோடு சேர்ந்து லேத் நகர்ந்தது. உளியை அழுத்தினால் பெல்ட் வழுக்கி மோட்டார் முனகி நின்றது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சரி, இந்த லேத்தின் காலம் முடிந்தது, பெரிசு வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். எது போதவில்லை, அளவா, சக்தியா, வேகமா, எடையா என்று உட்கார்ந்து யோசிக்கவில்லை. "பெரிசா வேணும், பவரா வேணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனேன். அப்படிச் சொல்லிக்கொண்டு போகிற ஆளிடம் எதை வேண்டுமானாலும் விற்கலாம், அவர் விற்றார்.

"சார், இது காலேஜ் ஒர்க்‌ஷாப் ஏலத்துல எடுத்ததுங்க. பசங்க ரெண்டு தடவ தொட்டிருப்பாங்க, அவ்வளவுதான். 14 இன்ச் ஸ்விங், 2 ஹெச்பி, டிரைவ் வெச்சது, எம்33 மரை, நீங்க எந்த சக் வேணா மாட்டிக்கலாங்க" என்றார். டிரைவ் என்பது மோட்டார் வேகத்தைக் குமிழால் கூட்டிக் குறைக்கும் மின்பெட்டி. எம்33 என்பது ஸ்பிண்டில், அதாவது கட்டையைச் சுற்றும் தண்டு, அதன் முனையில் இருக்கும் 33 மில்லிமீட்டர் மரை. அதில் திருகி மாட்டிக் கட்டையைக் கவ்வுவதுதான் சக். பச்சை நிறத்தில் புதுசு போல மின்னியது. பிளக்கைச் செருகி ஓட்டிக் காட்டினார், குமிழைத் திருகத் திருக வேகம் கூடியது, சத்தமே இல்லை. கட்டை எதுவும் மாட்டாமல் வெறும் ஸ்பிண்டில்தான் சுற்றியது. ஒரு கட்டை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "உளி இல்லீங்களே சார், இன்னிக்கே வேற ஒரு பார்ட்டி வர்றாங்க" என்றார். ஜிபேயில் 20,000 அட்வான்ஸ் போட்டேன். மீதியை வண்டி ஏற்றும்போது ரொக்கமாகத்தான் கேட்டார். பணம் கொடுத்ததற்குக் கிடைத்தது, தலைப்பில் எஸ்டிமேட் என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு, அதில் "லேத் 1" என்பதைத் தவிர ஒன்றுமில்லை. நல்லவேளையாக அதற்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் "2 ஹெச்பி, எம்33, பேரிங் புதுசு" என்று அவரே ஒரு வரி அனுப்பியிருந்தார். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

வீட்டில் இறக்கி முதல் கிண்ணம் மாட்டினேன். எம்33 மரைக்கென்று முன்பே 14,000 போட்டு ஒரு சக் வாங்கி வைத்திருந்தேன். அது ஏறியது, ஆனால் லொடலொடவென்று ஏறியது. சக்கை நடுவில் நிறுத்துவது மரை மட்டும் இல்லை, மரைக்குப் பின்னால் இருக்கும் தட்டையான தோள்தான். சக்கின் பின்முகம் அதில் ஒட்டி உட்கார வேண்டும். இதில் அந்தத் தோள் ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருந்தது, மரையும் யாரோ பிற்பாடு வெட்டினது. கட்டை சுற்றும்போது விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தே ஆடியது. சரி, சக்கை விட்டுவிட்டு, கட்டையைக் குத்திப் பிடிக்கும் முள் சென்டரில் மாட்டலாம் என்று ஸ்பிண்டில் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். சென்டர் இறுகி உட்காரும் அந்தக் கூம்புத் துளையின் (மோர்ஸ் டேப்பர்) உள்சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும். எனக்கு நகம் மூன்று இடத்தில் இடறியது. உள்ளே சென்டர் பிடிக்காமல் சுற்றிச் சுற்றிச் சுவரையே அறுத்திருக்கிறது. அதற்கு மேல் எந்த சென்டரைப் போட்டாலும் நிற்காது.

மூன்றாம் நாள் மோட்டார் கை வைக்க முடியாத சூடு. ரீவைண்டிங் கடை அண்ணனைக் கூட்டி வந்தேன். அவர் மீட்டர்கூட எடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, மோட்டாரின் கால் அடியிலிருந்து ஷாஃப்ட் நடு வரைக்கும் அளந்தார். 80 மில்லிமீட்டர். ஷாஃப்ட் விட்டம் 19. "வாத்தியாரே, இது 1 ஹெச்பிங்க. 2 ஹெச்பின்னா 90 வரும், ஷாஃப்ட்டு 24 வரும். நேம் பிளேட்ட மாத்தி ஒட்டியிருக்கான்" என்றார். 1440 ஆர்பிஎம் த்ரீ பேஸ் மோட்டாருக்குப் பொதுவாக இதுதான் அளவு, ஒரு ஸ்கேல் இருந்தால் கடையிலேயே பார்த்துவிடலாம். சந்தேகம் வந்தால் விலை பேசும் முன் ஒரு ரீவைண்டிங்காரரை அழைத்துப் போங்கள், 500 ரூபாயில் முடியும்.

டிரைவ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது எல்லாரும் அதைக் காட்டித்தான் விற்கிறார்கள். "டிரைவ் இருக்குதுங்க, பெல்ட் மாத்தவே வேண்டாம்" என்றார் வியாபாரி. அப்படி இல்லை. டிரைவில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மோட்டார் தரும் சக்தியும் ஏறக்குறைய பாதியாகிவிடும், கால்வாசிக்குக் குறைத்தால் கால்வாசிதான். மோட்டார் வாலில் இருக்கும் ஃபேனும் அதே அளவு மெதுவாகச் சுற்றுவதால் சூடு வேறு வெளியேறாது. பெரிய கட்டைக்கு மெதுவான வேகம் வேண்டுமானால் பெல்ட்டை மோட்டார் பக்கத்துச் சின்ன புல்லிக்கு மாற்றிவிட்டுத்தான் டிரைவைத் தொட வேண்டும். என் எந்திரத்தில் பெல்ட்டை மாற்றும் மூடியே வெல்டு வைத்து அடைத்திருந்தது. அதைக் கடையில் பார்த்தும் நான் ஏன் என்று கேட்கவில்லை.

கடைசியாக பெட். இதை எங்கள் ஊரில் நாற்பது வருடமாகக் கட்டில் கால் கடையும் பெரியவர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். பையன் விளையாடும் காந்தத்தை வாங்கி பெட்டின் அடிப்பக்கம் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். டப் டப்பென்று ஒட்டிக்கொண்டே வந்தது, ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பக்கமான ஹெட்ஸ்டாக்கிலிருந்து நாலு விரல்கடை தள்ளி ஓர் இடத்தில் பிடிக்காமல் நழுவி விழுந்தது. காசை எடுத்துச் சுரண்டினார். பச்சை, அதன் கீழே சாம்பல், அதன் கீழே மாவு மாதிரி பட்டி உதிர்ந்தது, அதற்கும் கீழே கோணல்மாணலாக வெல்டு வரி. பெட் ஒரு தடவை உடைந்திருக்கிறது. வார்ப்பிரும்பை ஒட்டவைத்துப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பெரியவர் ஒன்றும் பேசாமல் ஹெட்ஸ்டாக்கில் ஒரு முனை சென்டர், கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கில் ஒரு முனை சென்டர் வைத்து இரண்டையும் கிட்டே கொண்டுவந்தார். நேருக்கு நேர் முட்ட வேண்டிய முனைகள் இரண்டு மில்லிமீட்டர் விலகி நின்றன. உடைந்து ஒட்டின பெட்டில் 9 கிலோ ஈரக்கட்டை என் முகத்துக்கு ஓரடி தூரத்தில் சுற்றியிருக்கிறது என்று நினைக்கும்போது இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பணத்தை விட்டுத் தள்ளுங்கள், இதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

போன் செய்தேன். "செகண்ட் ஹேண்ட்ல கேரண்டி ஏதுங்க சார், பாத்துத்தானே எடுத்தீங்க" என்றார். அடுத்த வாரத்திலிருந்து எடுக்கவே இல்லை. பழைய சாமானுக்கு கேரண்டி இல்லாமல் இருக்கலாம், 1 ஹெச்பியை 2 ஹெச்பி என்று சொல்லி விற்க யாருக்கும் உரிமை கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. இதையெல்லாம் எழுதி, வாட்ஸ்அப் வரி, ஜிபே ரசீது, ஸ்கேல் வைத்து எடுத்த மோட்டார் படம், வெல்டு படம் எல்லாம் சேர்த்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பினேன். பத்தாம் நாள் அவரே கூப்பிட்டார். ரொக்கமாகக் கொடுத்த 65,000க்கு என்னிடம் ஒரு சான்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பேசிப் பேசி 50,000 என்று நின்றது. வழக்குக்குப் போயிருக்கலாம்தான், அந்த நேரம் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, என்னால் முடியவில்லை. நீங்கள் வாங்கினால் மொத்தப் பணத்தையும் வங்கி வழியாகவே கொடுங்கள், ஹெச்பியும் மரை அளவும் எழுதின பில் இல்லாமல் வண்டி ஏற்றாதீர்கள்.

பெரிய எந்திரம் போன பிறகு பழைய சின்ன லேத்தைத் திறந்து பார்த்தேன். பெல்ட்டின் உள்பக்கம் தேய்ந்து பளபளத்துக் கிடந்தது, 350 ரூபாய்க்குப் புதுசு போட்டேன். ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் 25 கிலோ மணல் மூட்டை ஆறு அடுக்கினேன். உளியைச் சாணை பிடிக்க அந்தப் பெரியவரிடம் நாலு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன், அது வரைக்கும் நான் உளியால் வெட்டவில்லை, தேய்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. கட்டையை மாட்டும் முன்பே மூலைகளை ரம்பத்தால் அறுத்து வட்டத்துக்குக் கொண்டுவரவும் அவர்தான் சொன்னார். அதே 9 இன்ச் தூங்குமூஞ்சிக் கட்டை, அதே அரை ஹெச்பி, இப்போது சுருள் சுருளாக ஈரச்சீவல் தோளுக்கு மேல் பறக்கிறது. லேத் ஓர் அங்குலம் நகரவில்லை. விட்டத்தை இன்ச்சில் எடுத்து வேகத்தால் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் நடுவில் வரவேண்டும் என்று கடைபவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். 9 இன்ச்சும் 700 ஆர்பிஎம்மும் 6,300, கணக்குக்குள்தான் இருக்கிறது. உருண்டு வராத கட்டைக்கு அந்த 700 இன்னும் அதிகம்தான், அதை மறுக்கவில்லை.

அதனால் பெரிய லேத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கும் ஒரு நாள் வேண்டியிருக்கும். உளி கூராக இருந்து, பெல்ட் புதுசாக இருந்து, ஸ்டாண்ட் அசையாமல் இருந்தும் மோட்டார் நிற்கிறதா, அப்போது சக்தி போதவில்லை. மாதத்தில் மூன்று நாலு கட்டை பெட்டில் இடித்து மாட்ட முடியாமல் ஒதுக்கி வைக்கிறீர்களா, அப்போது ஸ்விங் போதவில்லை. கோணல் கட்டையை உருட்ட 300, 400 ஆர்பிஎம் இல்லாமல் பயந்து பயந்து கடைகிறீர்களா, அப்போது வேகம்தான் பிரச்சினை, அதற்கு சில சமயம் மோட்டாரும் டிரைவும் மாற்றினாலே போதும். எது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கூடவே ஒரு கட்டை, ஒரு உளி, ஸ்கேல், காந்தம், இரண்டு முனை சென்டர் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெல்ட்டைக் கழற்றச் சொல்லி ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று கையில் தெரிந்தால் பேரிங் போயிற்று, கிரீஸை அப்பி அடக்கி வைத்த சத்தமும் அப்படிச் சுற்றும்போது கையில் பிடிபடும். கழற்றவோ கடைந்து பார்க்கவோ விடமாட்டேன் என்றால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

அந்த எந்திரத்தின் அடையாளம்: 14 இன்ச் ஸ்விங், முனைக்கு முனை 40 இன்ச், டெயில்ஸ்டாக் சக்கரத்தின் கைப்பிடி உடைந்து கறுப்பு பிளாஸ்டிக் குமிழ் போட்டது. பச்சை நிறம் இப்போது மாறியிருக்கலாம். திருப்பி அனுப்புவதற்கு முந்தின இரவு பெட்டின் அடிப்பக்கம், வெல்டு வரிக்கு வலது புறம் நல்ல இரும்பில், சென்டர் பஞ்சால் ஆழமாக மூன்று புள்ளி அடித்து வைத்தேன். ஹெட்ஸ்டாக்கிலிருந்து ஒரு சாண் தூரம், கையைக் கீழே விட்டுத் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும்.