பெஸ்ட் ஃபிட் அலைன்மென்ட்: பல வருஷமா யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

கோயம்புத்தூர்ல பம்ப் காஸ்டிங் (உருக்கி வார்த்த பீஸ்), ஃபிக்சர் (பீஸை பிடிச்சு வைக்கிற அமைப்பு) ரெண்டையும் அளந்து பாக்குறது தான் நம்ம வேலை. அளக்குற ஆர்ம்லயோ ஸ்கேனர்லயோ எடுத்த பாயிண்ட்ஸை கேட் (CAD) மாடல், அதாவது கம்ப்யூட்டர்ல வரைஞ்ச டிசைன் மேல உக்கார வைக்க பல வருஷமா பெஸ்ட் ஃபிட் யூஸ் பண்றேன், காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர்லயும் சரி, ஃப்ரீயா கிடைக்கிற கிளவுட்கம்பேர்லயும் சரி, அடிப்படை கணக்கு ஒண்ணு தான். மூணு பக்கம் நகத்தலாம், மூணு அச்சுல திருப்பலாம், எல்லா பாயிண்ட்டோட விலகலையும் வர்க்கம் எடுத்து கூட்டுனா எங்க கம்மியா வருதோ அங்க பீஸை கொண்டு போய் வச்சிடும்.

காஸ்டிங்குக்கு இத விட நல்ல வழி நான் பாக்கல. மெஷினிங் அலவன்ஸ் (அப்புறம் வெட்டி எடுக்க விடுற கூடுதல் உலோகம்) 3 மி.மீ. விட்டிருப்பாங்க, ஆனா கோர் (உள்ள காலியிடம் வர வைக்கிற அச்சு) கொஞ்சம் நகந்திருக்கும், 3-2-1ல (ஒரு ஃபேஸ்ல மூணு, அடுத்ததுல ரெண்டு, இன்னொண்ணுல ஒரு பாயிண்ட்னு பிடிக்கிற முறை) வச்சு பாத்தா ஒரு ஃபேஸ்ல 5 இருக்கும், எதிர் ஃபேஸ்ல 1 தான் இருக்கும், அந்தப் பக்கம் கட்டர் போனா வெட்டுப்படாத காஸ்டிங் கறுப்பு அப்படியே நிக்கும். பெஸ்ட் ஃபிட் போட்டு 2 மி.மீ. தள்ளுனா ரெண்டு பக்கமும் 3 வந்துடுது, அந்த இடத்துலயே மார்க்கிங் போட்டு மெஷினுக்கு அனுப்பிடலாம். ரிஜெக்ட்னு ஓரமா கிடக்குற எத்தனையோ பீஸ் இப்படி பொழைச்சிருக்கு.

ஆனா மெஷின் பண்ணி முடிச்ச பீஸை பாஸா ஃபெயிலான்னு சொல்ல இத எடுக்கவே எடுக்காதீங்க. கணக்கு போட்டே பாருங்க. சதுரமா நாலு ஓட்டை, மூணு கரெக்ட்டா இருக்கு, ஒண்ணு மட்டும் எக்ஸ்ல 0.4 தள்ளி இருக்கு, ட்ராயிங்ல டாலரன்ஸ் ±0.3. நாலையும் வச்சு பெஸ்ட் ஃபிட் போட்டா அந்த கெட்ட ஓட்டை எக்ஸ்ல 0.25, ஒய்ல 0.05ன்னு வரும், அதே வரிசைல இருக்குற நல்ல ஓட்டை எக்ஸ்ல 0.15 தள்ளி இருக்குற மாதிரி காட்டும், ரிப்போர்ட்ல நாலும் பாஸ். சாஃப்ட்வேர் பொய் சொல்லல, ஒருத்தன் தப்ப நாலு பேருக்கும் பிரிச்சு குடுத்துடுச்சு, ஆனா அசெம்பிளில போல்ட் ஏறாது. ட்ராயிங்ல டேட்டம் (எந்த ஃபேஸ், ஓட்டையிலருந்து அளக்கணும்ங்கற குறிப்பு) குடுத்திருந்தா டேட்டம்ல தான் அலைன் பண்ணணும், எந்த அலைன்மென்ட்னு எழுதாம, விலகலை கலர்ல காட்டுற கலர் மேப் மட்டும் பச்சையா அனுப்புற ரிப்போர்ட்டை நான் ஏத்துக்கிறதே இல்ல.

ஸ்கேன் டேட்டாவை பெஸ்ட் ஃபிட் பண்ண வர்ற ஐசிபி முறை (Iterative Closest Point, 1992ல பெஸ்ல், மெக்கே ரெண்டு பேரும் எழுதினது) பக்கத்துல இருக்குற பாயிண்ட்டை தேடித் தேடி நகர்ற விஷயம், அதனால எங்க ஆரம்பிக்கிறோம்ங்கறது ரொம்ப முக்கியம். 8 ஓட்டை இருக்குற வட்ட ஃபிளாஞ்ச்ல ஒரு ஓட்டை தள்ளி 45 டிகிரி திரும்பியே உக்காந்துக்கும், ஆர்எம்எஸ் (மொத்த விலகலை சொல்ற ஒத்த நம்பர்) அழகா இருக்கும், கீவே (சாவி உக்கார்ற பள்ளம்) மட்டும் வேற பக்கம் நிக்கும். முதல்ல கைல நாலஞ்சு பாயிண்ட் ஜோடி காட்டி கிட்ட கொண்டு வந்துட்டு அப்புறம் ஐசிபி ஓட்டுங்க, ஸ்கேன்ல டேபிள் கிளாம்ப் எல்லாம் சேந்து வந்திருந்தா கிளவுட்கம்பேர்ல ஃபைனல் ஓவர்லேப்பை (ஸ்கேன்ல எத்தனை சதவீதம் மாடலோட பொருந்தணும்ங்கற செட்டிங்) 100லயே விடாம குறைச்சு வைங்க.

அப்புறம் அந்த ஸ்கேல் டிக், அதாவது பெஸ்ட் ஃபிட் போடும்போது சைஸையும் கூட்டிக் குறைக்க விடுற ஆப்ஷன். மே மாசம் ஷாப் ஃப்ளோர் 32 டிகிரி, ட்ராயிங் அளவெல்லாம் 20 டிகிரிக்கு, 2 மீட்டர் அலுமினியம் ஃபிக்சர் அந்த 12 டிகிரிக்கே அரை மி.மீ.க்கு மேல வளந்திருக்கும். ஸ்கேல் டிக்கை போட்டு விட்டா சாஃப்ட்வேர் அத சரி பண்ணிடும், ஆனா கூடவே பீஸ் நெசமாவே பெருசா இருந்தா அதையும் சேத்து முழுங்கிடும். அதனால தெர்மாமீட்டரை ஃபிக்சர் மேலயே வச்சு டெம்பரேச்சர் எடுத்து ஸ்கேல் எவ்ளோ வரணும்னு முன்னாடியே போட்டு வச்சுக்குவேன், மேல சொன்ன கேஸ்ல 1.000276 பக்கத்துல வரணும், 1.0005ன்னு வந்தா பீஸையும் பாக்கணும் ஆர்மோட கேலிப்ரேஷனையும் பாக்கணும், அதுக்கு முன்னாடி ரிப்போர்ட்ல கையெழுத்து போட மாட்டேன்.