தீனி கேட்கும் இறால், கேட்காத சிப்பி

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் என் மச்சினன் போன வாரம் போன் செய்தான். "மாமா, பண்ணைக் குட்டை சும்மாதான் கெடக்கு. எறா விடலாமா, சிப்பி விடலாமா?" லாப நஷ்டம் அவன் பார்த்துக்கொள்வான். நான் பார்த்தது தண்ணீரை மட்டும்.

இறால் வாங்கித் தின்னும் பிராணி. வனாமி என்ற உவர்நீர் இறால் ரகத்தில் ஒரு கிலோ பிடிக்க ஒன்றே கால், ஒன்றரை கிலோ தீனி போகும். உடம்பில் ஒட்டியது போக மிச்சமெல்லாம் கழிவும் அம்மோனியாவுமாகக் குளத்திலேயே தங்கும். அந்தத் தண்ணீரை அப்படியே திறந்துவிட்டால் பக்கத்து வாய்க்கால்தான் பாழ். நாகப்பட்டினம் பக்கம் 1990களில் இறால் பண்ணைகளால் வயலும் கிணறும் உப்பாகி, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பரில் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு, 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனி ஆணையம். நம் குட்டைக்கு நன்னீர் இறால்தான் சரிப்படும், அதற்கும் தீனி உண்டு. குஞ்சு உவர்நீரில்தான் பிழைக்கும் என்பதால் விதைக்குக் கடற்கரைப் பக்கம் அலைய வேண்டும்.

சிப்பிக்குத் தீனிச் செலவே கிடையாது. காசர்கோடு படன்னா காயலில் கல்லுமக்காய் என்ற கடல் சிப்பியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள்; மிதக்கும் பாசியை வடிகட்டியே அது வளர்கிறது. அறுவடையில் சதையோடு கொஞ்சம் நைட்ரஜனும் கரையேறிவிடும். குட்டைக்கு ஏற்ற ஏரிச் சிப்பி ஏழெட்டைப் பாசியால் பச்சையாக இருந்த ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். ஓடு லேசாகத் திறந்து, இரண்டு சின்னத் துளைகள் எட்டிப் பார்த்தன. காலையில் வாளியின் அடி தெரிந்தது, அங்கே பழுப்பாக ஒரு படிவும் இருந்தது. ஓட்டமில்லாத காயலில் நெருக்கிக் கட்டினால் இந்தப் படிவே அடிமண்ணைக் கறுக்க வைக்கும்.

தண்ணீருக்கு என் ஓட்டு சிப்பிக்குத்தான். ஆனால் பாசியோடு கிருமியையும் உலோகத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கும் ஜீவன் அது. ஓசூர் பக்கம் தென்பெண்ணையில் இருக்கும் கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீரால் நுரை பொங்கி வருவதைப் பார்த்தவர்கள் நாம். அதே தென்பெண்ணைதான் கிருஷ்ணகிரி கேஆர்பி அணை வழியாகக் கடலூருக்குப் போய்க் கடலில் சேர்கிறது. அதில் வளர்ந்த சிப்பியை நான் வாயில் வைக்கமாட்டேன். குட்டையில் நிற்பது மழைத் தண்ணீர், அதனால் விடலாம்; கூடவே மீனும் விடணும். சிப்பிக் குஞ்சு கொஞ்ச நாள் மீனின் செவுளில் ஒட்டி வளர்ந்தால்தான் பிழைக்கும்.

"நம்ம ஊர்ல யாரு மாமா சிப்பி திம்பாங்க?"

"தின்ன வேண்டாம்டா, முத்துக்கு."

"அப்ப அக்காகிட்ட மட்டும் இப்பவே சொல்லிடாதீங்க."