தர்மபுரில போன் இல்லாம உக்காந்து படிக்க ஒரு படிப்பகம்

குரூப் 4க்கு படிக்கறவங்க தர்மபுரில இடம் தேடிட்டு இருந்தீங்கன்னா, நாலு ரோட்டுலேர்ந்து நடக்கற தூரத்துல மாடில இருக்கற இந்த படிப்பகத்த போய் பாருங்க. ஏசி கெடையாது, ஃபேன், தடுப்பு போட்ட டேபிள், கேன் தண்ணி, அவ்ளோதான். ஆனா உள்ள நுழையும்போதே போன ஆஃப் பண்ணி கவுண்டர்ல குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கணும், மதியம் சாப்பாட்டுக்கு, சாயங்காலம் டீக்கு, அப்பறம் கெளம்பும்போது தான் கைக்கு வரும், வீட்டுல ஏதாவது அவசரம்னா கவுண்டர் நம்பருக்கு கூப்பிட்டா அண்ணன் வந்து சொல்லுவாரு.

இதுக்காகவே அஞ்சு ஸ்டார் குடுக்கலாம். மனச அடக்கணும்னா பல்ல கடிச்சிட்டு உக்காருன்னு தான் நம்மள சொல்லி வளத்தாங்க. அமெரிக்கால ஸ்டான்ஃபோர்டுல வால்டர் மிஷல்னு ஒருத்தர் சின்ன பசங்கள வெச்சு ஒரு சோதனை பண்ணாரு, காத்திருந்தா பிடிச்ச தின்பண்டம் கெடைக்கும், இப்பவே வேணும்னா சுமாரானது தான்னு. பண்டம் கண்ணு முன்னாடி இருந்தப்ப பசங்களால தாக்குப்பிடிக்க முடியல, கண்ணுல படாம மறைச்சு வெச்சப்ப ரொம்ப நேரம் காத்திருந்தாங்க. போன கவுண்டர்ல வெக்கறதும் அதே வேல தான் செய்யுது.

இன்னொன்னு, காலைலேர்ந்து மனச அடக்கி தெம்பே தீந்துடுச்சு, இனிமே ரீல்ஸ் பாத்தா தப்பில்லன்னு சொல்ற தம்பி தங்கச்சிங்க தயவு செஞ்சு கேளுங்க. மன உறுதி செலவாகி தீந்துடும்னு 1998ல ஒரு ஆராய்ச்சி வந்தது உண்மதான், ஆனா 2016ல 23 லேப் சேர்ந்து திரும்ப சோதிச்சு பாத்தப்ப அப்படி பெருசா எதுவும் தெரியல. அத நம்பி நாள விட்டுடாதீங்க.

டேபிள்ல ஒரு சீட்டு வெச்சிருப்பாங்க, எது முடிஞ்சதும் எத எடுப்பேன்னு எழுதணும், "டீ குடிச்சிட்டு வந்ததும் ஏழாங்கிளாஸ் தமிழ் புக்"ங்கற மாதிரி. பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியல்காரர் 1999ல எழுதுனதும் இதத்தான், சும்மா படிக்கணும்னு நெனைக்கறத விட எப்ப எங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சா செய்யறது சுலபம். அந்த அண்ணனுக்கு இதெல்லாம் யாரு சொன்னாங்கன்னு தெரியல, அனுபவத்துலயே கண்டுபிடிச்சிருக்காரு போல.

கொறன்னா பாத்ரூம் ஒண்ணே ஒண்ணு, முகூர்த்த நாள்ல பக்கத்து மண்டபத்து ஸ்பீக்கர் சத்தம் தாங்காது. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துலேர்ந்து வர்ற பொண்ணுங்க கடைசி பஸ் நேரத்த பாத்துட்டு கெளம்புங்க, அவங்களுக்கு தனி வரிச இருக்கு. மாசம் 700 ரூபா, அட்வான்ஸ் இல்ல. பரீட்சை நோட்டிபிகேஷன் வந்துட்டா சீட் கெடைக்காது, இப்பவே போய் சொல்லி வெச்சிடுங்க.